28,500 ரூவா போச்சு: ரிமோட்ல ஓட்டுற ரெட்டை மோட்டார் ஆர்சி ப்ளேன் வாங்கப் போறவங்க இத படிச்சுட்டு போங்க

நேத்து ராத்திரி என்னைய ப்ளாக் பண்ணிட்டாய்ங்க. அந்த எரிச்சல்லதான் எழுதுறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. கடை பேரு போடல. ஆர்சி சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, அம்புட்டுதான். ரெட்டை மோட்டார் ப்ளேன் எப்படி பார்த்து வாங்கணும்னு கடைசில விவரமா சொல்றேன், மொதல்ல கதைய கேளுங்க.

நான் ஒத்தக்கடைல சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கேன். மூணு வருஷமா நானும் என் பையனும் ஞாயித்துக்கிழமை வெள்ளன எந்திரிச்சு யானைமலைக்கு அங்கிட்டு தண்ணி வத்துன கண்மாய்ல ஒத்த மோட்டார் ஃபோம் ட்ரெய்னர் (புதுசா பழகுறவங்க விடுற ப்ளேன்) பறக்க விடுவோம். (தெக்க பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் ஏர்போர்ட் இருக்கு, அங்கிட்டு யாரும் தயவுசெஞ்சு போயிராதீங்க.) பையனுக்கு ரெண்டாம் உலகப்போர் கிறுக்கு. எட்டாவது படிக்கிறான், பாடப்புஸ்தகத்த விட அந்த ப்ளேன் கதைதான் மனப்பாடம். ரெண்டு மோட்டார் வச்ச போர் விமானம் வேணும்னு ஒரு வருஷமா நச்சரிப்பு.

மொதல்ல மஸ்கிட்டோ பார்த்தோம். பிரிட்டிஷ்காரன் மரத்துல செஞ்ச ப்ளேன், அழகுன்னா அழகு. வீட்ல கேட்டுட்டு, மதுரைல கொசுவுக்கா பஞ்சம், அதையும் காசு குடுத்து வாங்கணுமான்னாங்க. ஆனா நாங்க அத விட்டதுக்கு காரணம் வேற. மஸ்கிட்டோவுக்கு சின்ன வீல் வால்ல இருக்கு, ரெண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுத்தும், அதனால தரைல ஓடும்போதே ஒரு பக்கமா இழுக்கும், நிஜ ப்ளேனுக்கே அந்த வியாதி உண்டு. அமெரிக்காக்காரன் செஞ்ச லாக்ஹீட் பி-38 அப்படி இல்ல. 1939ல மொதமொதலா பறந்தது, ரெட்டை வால், மூக்குல வீல், ரெண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிரா சுத்தும், அதனால நேரா ஓடும். பிரிட்டிஷ்காரன் ரெண்டையும் ஒரே பக்கம் சுத்துற மாதிரி ஆர்டர் குடுத்து, வந்தது சரியில்லன்னு வேணாம்னு விட்டுட்டான்னு பையன் சொல்லுவான். சரி, பி-38னு முடிவு பண்ணுனோம்.

இங்கதான் நான் ஏமாந்த இடம்.

சைட்ல இருந்த நம்பருக்கு போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தான். அண்ணே மதுரையாண்ணே, எங்க அம்மாச்சி ஊரு மேலூர்தாண்ணேன்னான். அதுக்கெல்லாம் நான் மயங்குற ஆளு இல்ல. ஆனா அவன் வேலை தெரிஞ்சவன் மாதிரி பேசுனான் பாருங்க, அதுலதான் விழுந்துட்டேன். மோட்டார் தப்பான பக்கம் சுத்துனா மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்தி குத்துங்கண்ணே, ரெண்டு ஈஎஸ்சிலயும் (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற சர்க்யூட்) பிஇசி (ரிசீவருக்கு கரண்ட் குடுக்குறது) இருக்கும், ரெண்டுல ஒன்னோட செவப்பு வயர கழட்டி விட்டுருங்கண்ணே, பறக்க விடாத நாள்ல பேட்டரிய செல்லுக்கு 3.8 வோல்ட்ல வச்சு எடுத்து வைங்கண்ணே. சொன்னதெல்லாம் சரி. ஒன்னு கூட பொய் இல்ல. கால் மணி நேரம் பேசுனான், எனக்கே ரெண்டு விஷயம் புதுசா தெரிஞ்சது. இம்புட்டு தெரிஞ்ச பய ஏமாத்துவானான்னு நெனச்சேன்.

அப்புறம் மெதுவா, அண்ணே இது லாஸ்ட் பீஸ், சைட்ல போட்டா 31,000 ஆகும், நம்ம ஊர்க்காரரு, எனக்கு நேரா யூபிஐ பண்ணுங்க 28,500க்கு முடிச்சு தரேன்னான். 2,500 மிச்சம்னு நானும் போட்டு விட்டேன். தீபாவளிக்கு வந்த வேலைல கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்ச 28,500. பில்லு கேட்டேன், பார்சல்லயே வரும்ணேன்னான்.

பார்சல் ஒன்பதாவது நாள் வந்துச்சு. பில்லு இல்ல. டேப் ரெண்டு கலர்ல இருந்துச்சு, பையன் கத்தி எடுத்து கிழிச்ச சந்தோஷத்துல நான் அத கவனிக்கல. வீடியோவும் எடுக்கல. வலது பக்கம் பெயின்ட் கொஞ்சம் பளபளன்னு இருந்துச்சு, இடது பக்கம் மங்கல். மேனுஃபேக்சரிங் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். பட்டறைல ஒருத்தன் இப்படி ஒரு ஜாப் கொண்டு வந்தா பார்த்த ஒடனே சொல்லுவேன் இது வெல்டு போட்டதுன்னு, ஆனா அன்னைக்கு என் கண்ணுக்கு தெரியல.

போன ஞாயித்துக்கிழமை கண்மாய்ல ஏத்துனோம். என்னா சவுண்டு! நேரா ஓடுச்சு, அழகா தூக்குச்சு. ஒரு ரவுண்டு முழுசா அடிக்கல, நாப்பது செகண்ட் இருக்கும், வலது மோட்டார் நின்னு போச்சு. ஒத்த மோட்டார் ப்ளேன்ல மோட்டார் நின்னா அது பாட்டுக்கு மிதந்து வந்து எறங்கும். ரெட்டைல ஒன்னு நின்னா இன்னொன்னு முழு வேகத்துல இழுக்கும், ப்ளேன் நின்ன பக்கமா சுழண்டு கவுந்துரும். த்ராட்டில ஒடனே கொறச்சிருக்கணும். நிஜ பி-38 ஓட்டுனவங்களுக்கே மொதல்ல நல்லா ஓடுற இஞ்சின கொறைன்னுதான் சொல்லி குடுத்தாங்களாம். நான் பதறிப் போயி இடது பக்கம் திருப்புறேன்னு எலெவேட்டரையும் (மூக்க தூக்குறதுக்கு வால்ல இருக்குற பலகை) சேத்து இழுத்துட்டேன், வேகம் செத்து வலது ரெக்கை மடங்குன மாதிரி விழுந்து கருவேலங்காட்டுல தலைகுப்புற. ஒத்துக்கிறேன், அது என் தப்பு. ஆனா மோட்டார் நின்னது யாரு தப்பு?

பொறுக்கி எடுத்துட்டு வந்து பட்டறைல வச்சு பிரிச்சேன். இடது ஈஎஸ்சி 40 ஆம்ப். வலது 30 ஆம்ப். வேற கம்பெனி. சால்டரிங் எல்லாம் சின்னப்பிள்ளை வச்ச மாதிரி உருண்டை உருண்டையா, கருகிப் போயி கெடக்கு. வலது வால் பூம்ல (ரெக்கைல இருந்து வால் வரைக்கும் போற தண்டு) புது ஒடசலுக்கு பக்கத்துலயே பழைய ஒடசல், மஞ்சளாகிப் போன பசை, அதுக்கு மேல பெயின்ட். ஏற்கனவே எவனோ போட்டு ஒடச்ச ப்ளேன ஒட்டி, கைல கெடச்ச ஈஎஸ்சிய மாட்டி எனக்கு புதுசுன்னு தள்ளிருக்காய்ங்க. 28,500 ரூவாய்க்கு.

போட்டோ எல்லாம் அனுப்புனேன். அண்ணே அது பைலட் எரர்ணேன்னான். சரி தம்பி, ஈஎஸ்சி ஏன் ரெண்டு மாதிரி இருக்குன்னேன். டெக்னிக்கல் டீம்ட்ட கேட்டு சொல்றேண்ணேன்னான். மறுநாள் கேட்டா, அன்பாக்சிங் வீடியோ இருந்தா அனுப்புங்கண்ணே இல்லன்னா க்ளெய்ம் வராது. அதுக்கு மறுநாள் ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. கடையோட கஸ்டமர் கேருக்கு அடிச்சேன், ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா, சார் உங்க நம்பர்ல எங்க சைட்ல ஆர்டரே இல்லையே சார்ங்குது. அந்த தம்பி யாருன்னா, அப்படி யாரும் எங்ககிட்ட வேலை பாக்கலங்குது. உங்க சைட்ல இருக்குற நம்பருக்குத்தானம்மா நான் பேசுனேன்னா, லைன் கட். நேத்து ராத்திரி அவன் நம்பருக்கு கடைசியா ஒரு வாய்ஸ் நோட் போட்டேன், கொஞ்சம் கெட்ட வார்த்தை வந்துருச்சு, அதோட ப்ளாக்.

1915க்கு கன்ஸ்யூமர் புகார் குடுத்துருக்கேன். 1930 சைபர் நம்பருக்கு தெரிஞ்ச அன்னைக்கே அடிச்சுருக்கணுமாம், இன்னைக்கு காலைலதான் அடிச்சேன். பங்காளி ஒருத்தன், பில்லு இல்லாம எப்படிடா கேப்பன்னு சிரிக்கிறான். அவன்கிட்டயும் கோவம்.

எப்படி பார்த்து வாங்கணும்னு சொல்றேன்னேன்ல, விவரமா எழுத இப்ப மனசு இல்ல. சைட்ட விட்டு வெளிய காசு போடாதீங்க. பார்சல் டேப்ப கிழிக்கிறதுல இருந்து வீடியோ எடுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு ஈஎஸ்சியும் ஒரே மாதிரியான்னு மூடிய தெறந்து பாருங்க, வால கெட்டியா புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் ஃபுல் த்ராட்டில் குடுத்துட்டு, பேட்டரிய கழட்டி ரெண்டையும் தொட்டுப் பாருங்க, ஒன்னு மட்டும் கொதிச்சா ஏத்தாதீங்க. மேல ஒரு மோட்டார் நின்னா மொதல்ல த்ராட்டில். அம்புட்டுதான்.

இத எழுதிட்டு இருக்கும்போதே பையன் அவன் போன்ல அந்த சைட்ட தெறந்து காட்டுறான். அதே பி-38, அதே போட்டோ, லாஸ்ட் பீஸ்னு போட்டுருக்கு.