பென்-மை-கிரீ மாதிரிக் கப்பல்: சிறகு மடங்காத விமானங்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக, நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் கடல் விமானங்களைச் சுமந்து சென்ற பென்-மை-கிரீ கப்பலின் 1:350 அளவு பிளாஸ்டிக் மாதிரியை மூன்று வாரங்கள் உட்கார்ந்து ஒட்டி முடித்தேன். 1908இல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட இந்த விரைவு நீராவிக் கப்பலை 1915 தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்த கடற்படை, அதன் பின்பகுதியில் பெரிய விமானக் கொட்டகை ஒன்றை எழுப்பியது. ஓரடிக்குச் சற்றே கூடுதலான நீளத்தில், ஒடுங்கிய பயணிக் கப்பலின் அழகும் அதன்மேல் ஏற்றிய கொட்டகையின் முரட்டுத்தனமும் சேர்ந்தே தெரிகின்றன. பாகங்கள் பிசிறின்றிப் பொருந்துகின்றன.

குறையெல்லாம் விமானங்களில்தான். கப்பல் சுமந்த ஷார்ட் 184 வகைக் கடல் விமானங்களைச் சிறகு விரிந்த நிலையில் மட்டுமே தந்திருக்கிறார்கள். உண்மை விமானத்தின் சிறகுகள் 19 மீட்டருக்கு மேல் விரியும். கப்பலின் அகலமோ சுமார் 14 மீட்டர்தான். சிறகை மடக்கிக் கொட்டகைக்குள் வைப்பதும், வெளியே இழுத்து விரித்துத் தூக்கி நீரில் இறக்குவதும், திரும்பி வந்ததை மறுபடி தூக்கி ஏற்றுவதும்தான் இந்தக் கப்பலின் அன்றாட வேலை. கதவு திறந்த கொட்டகையைத் தந்துவிட்டு, உள்ளே வைக்க ஒரு விமானம்கூடத் தராதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. மெல்லிய ரம்பத்தால் சிறகுகளை அடியோடு அறுத்து, பின்பக்கமாகத் திருப்பி ஒட்டிப் பார்த்தேன். முதல் விமானம் முறிந்தது, இரண்டாவது சரியாக வந்தது.

உடன் வரும் வரலாற்றுக் கையேட்டை மனமாரப் பாராட்டுகிறேன். 1915 ஆகஸ்ட் 12 அன்று இக்கப்பலின் விமானி சார்லஸ் எட்மண்ட்ஸ், எடையைக் குறைப்பதற்காக, உடன் பறந்து கண்காணிக்கும் வீரரை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து, மர்மரா கடலில் துருக்கியக் கப்பல் ஒன்றின்மீது, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோவை வீசினார்; விமானத்திலிருந்து கப்பலை டார்பிடோவால் தாக்கியது அதுவே முதல் முறை. அந்தக் கப்பல் முன்பே ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகித் தரைதட்டி நின்றது என்பதையும் கையேடு மறைக்காமல் சொல்கிறது. ஐந்து நாள் கழித்து இன்னொரு விமானி ஜார்ஜ் டேக்கர், எஞ்சின் கோளாறால் நீரில் இறங்கிய நிலையிலேயே ஓர் இழுவைப் படகைத் தாக்கிவிட்டு மீண்டும் வானேறிய செய்திக்கு ஒரு முழுப் பக்கம் தந்திருக்கிறார்கள். ஆனால் செப்டம்பரில் டார்பிடோ தாக்கிய சவுத்லேண்ட் துருப்புக் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கானோரைப் பென்-மை-கிரீ மீட்ட பணிக்கு இரண்டே வரிகள். 1917 ஜனவரியில் துருக்கிக் கரையை ஒட்டிய காஸ்டெலோரிசோ தீவின் துறைமுகத்தில் துருக்கியப் பீரங்கிகள் கொட்டகையைத் தீக்கிரையாக்கிக் கப்பலை மூழ்கடித்த கதை விரிவாக இருக்கும்போது, மீட்புப் பணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

இத்தனை குறைக்குப் பிறகும், விமானத்தை அறுத்து ஒட்டத் தயங்காதவர்கள் இதை நம்பி வாங்கலாம். மற்றவர்கள் மடித்த சிறகுகளோடு அடுத்த பதிப்பு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.