லாரி வேலைக்குப் பெரிய ராட்செட்: எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது

லாரி, பஸ், டிராக்டர் வேலையில் 24 நம்பருக்கு (மி.மீ.யில் நட்டுத் தலையின் அகலம்) மேலே போனால், ஒரு திசையில் நட்டைப் பிடித்துத் திருப்பி, மறு திசையில் கிளிக்கென்று சும்மா திரும்பும் ராட்செட்டின் கணக்கே மாறிவிடும். கார், பைக் வேலைக்குப் பழகிய கை அங்கே பாதிதான் உதவும். நட்டும் பெரியது, டார்க்கும் (முறுக்கும் விசை) பெரியது, கைப்பிடியும் நீளம். அதோடு மரை நட்டுக்கு வெளியே இரண்டு இஞ்ச் நீட்டிக்கொண்டு நிற்கும். எந்த ராட்செட் நிலைக்கும், எது சீக்கிரமே பல் வழுக்கும் என்பது இந்த நான்கைப் பொறுத்ததுதான். இங்கே எழுதுவது முக்கால் இஞ்ச் டிரைவ் (நட்டின் மேல் இறங்கும் பாக்ஸை மாட்டும் சதுர முனை) ராட்செட்டைப் பற்றியும், ரிங்குக்குள்ளேயே ராட்செட் உள்ள 24 முதல் 36 வரையுள்ள ராட்செட் ரிங் ஸ்பேனரைப் பற்றியும். இரண்டையும் கனரக வண்டியில் தினமும் போட்டு எடுத்ததில் தெரிந்தவை இவை.

முதல் விஷயம், ராட்செட் என்பது நட்டை ஓட்டுகிற சாமான். இறுகிக் கிடக்கும் நட்டை முதலில் அசைக்கிற வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. தலைக்குள் ஒரு பல்சக்கரமும், அதில் மாட்டி நிற்கும் சிறிய நாக்கும், நாக்கைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கைப்பிடியில் கொடுக்கிற மொத்த பலமும் அந்த நாக்கு வழியாகச் சில பற்களின் மேல்தான் இறங்குகிறது. டி ஹேண்டிலிலோ (பாக்ஸ் மாட்டும், ராட்செட் இல்லாத கைப்பிடி) கெட்டியான ரிங் ஸ்பேனரிலோ இப்படி ஒரு பலவீனமான இடமே கிடையாது. அதனால் துருப்பிடித்த நட்டு என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு, டி ஹேண்டிலில் கால் சுற்று அசைத்துவிட்டு, அதற்குப் பிறகு ராட்செட்டைக் கையில் எடுப்பதுதான் முறை. இந்த ஒரு பழக்கம் இருந்தாலே நடுத்தர விலை ராட்செட்டும் பல வருஷம் உழைக்கும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஐஎஸ்ஓ 3315 தரத்தின்படி அரை இஞ்ச் டிரைவ் ராட்செட் தாங்கியாக வேண்டிய சோதனை டார்க் 512 நியூட்டன் மீட்டர். முக்கால் இஞ்ச் டிரைவுக்கு 1412. இப்போது 70 கிலோ எடையுள்ள ஆள் 1.2 மீட்டர் பைப்பைக் கைப்பிடியில் செருகி அதன் நுனியில் முழு உடம்பையும் சாய்த்தால் சுமார் 820 நியூட்டன் மீட்டர் வரும். எம்பி எம்பி அழுத்தினால் அதற்கும் மேலே போகும். அரை இஞ்ச் ராட்செட் பைப் போட்டதும் ஏன் படாரென்று விடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. விடும்போது கைவிரல் சேசிஸில் மோதுகிறது, அல்லது ஆளே பின்னால் விழுகிறார். முக்கால் இஞ்சில் இடைவெளி கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் பைப்புக்காகச் செய்த சாமான் இல்லை அது.

இறுக்கும் பக்கம் பார்ப்போம். 8.8 வலுத் தர போல்ட்டில் எம்16 (16 மி.மீ. விட்டமுள்ள மரை) காய்ந்த மரைக்கு ஏறக்குறைய 210, எம்20க்கு 400, எம்24க்கு 700 நியூட்டன் மீட்டர் வரும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே இறுக்கத்துக்குக் குறைந்த டார்க்கே போதும். ஆகவே எம்16 வரை அரை இஞ்ச் டிரைவ் தாராளம். எம்20ல் அது எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதற்கு மேலே முக்கால் இஞ்ச் இல்லாமல் இறங்கவே கூடாது. எம்22 ஸ்டட் உள்ள பத்து நட்டு வீல்களில் டார்க் 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். அங்கே ராட்செட் நட்டைக் கொண்டுபோய் உட்கார வைக்கட்டும். கடைசி இறுக்கத்தை, டார்க்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பார்த்துக்கொள்ளும். அந்த டார்க் ரெஞ்சைக் கழற்றும் வேலைக்குத் தொடவே வேண்டாம். அதன் அளவு கெட்டுப்போவது பெரும்பாலும் அப்படித்தான்.

நம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரே போல்ட்டுக்குப் பழைய ஜெர்மன் தரமான டின் ஒரு தலையளவும் ஐஎஸ்ஓ வேறு தலையளவும் சொல்லும். எம்12க்கு 19 அல்லது 18, எம்14க்கு 22 அல்லது 21, எம்22க்கு 32 அல்லது 34. எம்16ன் 24, எம்20ன் 30, எம்24ன் 36 ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒன்றே. அதனால் பெரிய ரிங் ராட்செட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவை இந்த மூன்றுதான். 27, 32 இரண்டையும் உங்களிடம் வரும் வண்டிகளில் வெர்னியர் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வீல் நட்டிலேயே 32ம் உண்டு, 33ம் உண்டு. 32 தலையில் 33 ரிங்கை மாட்டினால் முதல் இழுப்பிலேயே மூலை மழுங்கிவிடும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல் எண்ணிக்கையை. 24 பல் என்றால் ஒரு கிளிக்குக்கு 15 பாகை, 36 என்றால் 10, 48 என்றால் 7.5, 72 என்றால் 5 பாகை. சின்ன ராட்செட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. அரை மீட்டர் கைப்பிடியில் உறைக்கும். 15 பாகைக்குக் கைப்பிடி நுனி 13 செ.மீ. நகர வேண்டும், 5 பாகைக்கு 4.4 செ.மீ. போதும். கியர்பாக்ஸுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே கையை விட்டு வேலை செய்பவருக்கு அந்த எட்டரை செ.மீ.தான் எல்லாம். ஆனால் பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறியதாகும். நல்ல கம்பெனிகள் நாக்கை அகலமாக்கி, ஒரே நேரத்தில் பல பற்கள் பிடிக்கும்படி செய்து இதைச் சரிக்கட்டுகின்றன. மலிவு சாமானில் பல் மட்டும் 72 ஆகும், நாக்கு பழைய அகலத்திலேயே நிற்கும். முக்கால் இஞ்ச் டிரைவில் எங்கள் தேர்வு 36 முதல் 48 பல். ரிங் ராட்செட்டில் 72 பல் நன்றாகவே ஓடுகிறது, ஏனென்றால் அங்கே பல்சக்கரத்தின் விட்டமே பெரியது.

ரிங் ராட்செட் தன் விலையை முழுதாகத் திருப்பிக் கொடுக்கும் இடம், ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வேலை இது. யூ போல்ட்டில் நட்டு ஏறிய பிறகும் மரை நீளமாக வெளியே நிற்கும். சாதாரண பாக்ஸ் அதன் மேல் முழுதாக இறங்காது, மரை நுனி உள்ளே டிரைவ் சதுரத்தில் போய் முட்டும். டீப் பாக்ஸ் போட்டால் உயரம் கூடி, அச்சுக்குக் கீழே இடம் போதாது. ரிங் ராட்செட் இரண்டு பக்கமும் திறந்தது, மரை அதற்குள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம்) மரையில் நட்டை 60 மி.மீ. ஓட்ட வேண்டும் என்றால் 40 சுற்று. இடம் நெருக்கமான இடத்தில் 12 முனை ரிங் ஸ்பேனரை 30 பாகைக்கு ஒருமுறை எடுத்து மாட்ட வேண்டும், சுற்றுக்கு 12 முறை. ஆக ஒரே நட்டுக்கு 480 முறை. ஒரு அச்சுக்கு எட்டு நட்டு. ராட்செட்டில் எடுத்து மாட்டும் வேலையே இல்லை.

யூ போல்ட்டில் வேலை ஒழுங்கும் முக்கியம். மரையில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு நட்டை முதல் மூன்று நான்கு சுற்று கையால் ஏற்றுங்கள். மரை குறுக்கே பிடித்தால் கைக்கு உடனே தெரியும், ராட்செட்டுக்குத் தெரியாது. பிறகு நான்கு நட்டையும் ரிங் ராட்செட்டில் சமமாகக் கொண்டுவந்து, எதிர் மூலை வரிசையில் இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, கடைசிக் கட்டத்தை டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் நுழையாத இடத்தில் கெட்டி ரிங் போடுங்கள். வண்டி சுமையோடு ஓடி வந்ததும் மறுபடி ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பட்டைகள் உட்காரும்போது இறுக்கம் குறைவது வழக்கம். இதை விட்டுவிட்டால் முதலில் சென்டர் போல்ட் வெட்டும், அப்புறம் அச்சு நகரும்.

ரிங் ராட்செட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் திசை மாற்றச் சின்ன லீவர் இருக்கும். மற்றதில் லீவர் கிடையாது, ஸ்பேனரையே திருப்பிப் போட வேண்டும். லீவர் இல்லாதது மெல்லியது, மண் புகும் வழியும் குறைவு, வலுவும் கொஞ்சம் கூடுதல். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, தெரியாமல் வாங்கக் கூடாது. எஞ்சின் மவுண்டிங் போல்ட்டைக் கழற்றுகிறீர்கள், தலைக்கு எதிரே சேசிஸ் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் வெளியே வர வரத் தலைக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் ரிங் நடுவே சிக்கி நின்றுவிடும். அதை மேலே தூக்கவும் முடியாது, திருப்பிப் போடவும் முடியாது, போல்ட்டை உள்ளே திருப்பவும் முடியாது. லீவர் உள்ளதென்றால் திசையை மாற்றி நான்கு சுற்று உள்ளே ஓட்டி வெளியே எடுத்துவிடலாம். அது இல்லாதபோது எதிரே இருப்பதைக் கழற்ற வேண்டும், அல்லது போல்ட்டை அறுக்க வேண்டும். ஆகவே தொடங்கும் முன் இடத்தைப் பாருங்கள். ரிங்கின் கனத்தைவிட இடைவெளி குறையும் முன்பே அதை எடுத்துவிட்டு, மிச்சத்தை வாய் திறந்த டபுள் எண்டு ஸ்பேனரில் முடியுங்கள். 

லீவர் உள்ளதிலும் குறை இல்லாமல் இல்லை. நெருக்கமான இடத்தில் ஏதாவது ஹோஸோ பிராக்கெட்டோ லீவரில் பட்டால் திசை பாதியில் மாறும். பாதி மாறிய லீவர் இன்னும் மோசம். நாக்கு முழுதாகப் பல்லில் உட்காராமல் நுனியில் நிற்கும், அந்த நிலையில் இழுத்தால் பல் நுனி சில்லாகப் பெயர்ந்து வரும். கை வைத்ததும் முதலில் மெல்ல இழுத்து, நாக்கு உட்கார்ந்ததை உணர்ந்த பிறகுதான் பலம் கொடுக்க வேண்டும்.

தலை மடங்கும் வகையைப் பெரிய நம்பரில் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மடங்கும் இடத்து பின் சீக்கிரம் ஆட்டம் காணும், இழுக்கும்போது ரிங் சாய்ந்து நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும். கைப்பிடியைத் தனியாகக் கழற்றும் முக்கால் இஞ்ச் ராட்செட் மட்டும் வேறு கதை. பெட்டியில் அடங்கும், கைப்பிடி வளைந்தால் அதை மட்டும் மாற்றலாம். இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் பலரும் செய்யும் தவறு, பல் வழுக்கத் தொடங்கியதும் தலைக்குள் சேசிஸ் கிரீஸை அடைப்பது. அது பிரச்சினையைக் கூட்டும். கெட்டி கிரீஸ் நாக்கைப் பின்னாலேயே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், சின்ன ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளிவிடும் பலம் இல்லை. நாக்கு வந்து சேரும் முன்னே கைப்பிடி இழுபடும், பல் தாவும். மூடியின் ஸ்க்ரூவை அல்லது சர்க்லிப்பைக் கழற்றி, உள்ளே இருப்பதை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, காற்றடித்துக் காயவைத்து, பல்லின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும். கழற்றும்போது தலையைத் துணி விரித்த தட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் எகிறினால் பட்டறைத் தரையில் தேடி எடுப்பது நடக்காத காரியம். மண், சேறு பட்ட வேலை முடிந்த அன்றே துடைத்துவிடுவது நல்லது. ரிங் ராட்செட்டில் பல்சக்கர ஓரம் வெளியே தெரிவதால் அதில்தான் மண் முதலில் புகும்.

பாக்ஸ் விஷயத்தில், ஏர் கன்னுக்குக் கறுப்பு இம்பாக்ட் பாக்ஸ்தான். பளபளக்கும் குரோம் பாக்ஸைக் கன்னில் போட்டால் வெடித்துச் சிதறும், கண்ணுக்கு ஆபத்து. இம்பாக்ட் பாக்ஸைக் கை ராட்செட்டில் போடுவதில் தவறே இல்லை. துருவேறிய பெரிய நட்டுக்கு ஆறு முனை பாக்ஸ் எடுங்கள், 12 முனை மூலையை மழுக்கும். முக்கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டால், பெரிய கைப்பிடியின் பலம் முழுதும் அந்தச் சின்னச் சதுரத்தில் இறங்கும். முறுக்கி அறுவது அங்கேதான். அவசரத்துக்கு நட்டை ஓட்ட மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கடையில் சோதிக்க இரண்டு நிமிஷம் போதும். ராட்செட்டில் பாக்ஸ் மாட்டி, பாக்ஸை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் கொண்டு போங்கள். விரலை மீறிப் பாக்ஸும் கூடவே திரும்பினால் உள் இழுவை அதிகம். அந்த ராட்செட் லூசான நட்டைத் திருப்பி ஓட்டாது, நட்டு முன்னும் பின்னும் போய் வரும். அடுத்து ஒவ்வொரு கிளிக்காக ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எதிர்பலம் கொடுத்துப் பாருங்கள். சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு இடத்தில் மங்கலாகக் கேட்டால் அந்தப் பல் சரியில்லை. முக்கால் இஞ்ச் ராட்செட் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். தலைக்கு மேலே தூக்கி வேலை செய்ய நேரிட்டால் அந்த அரை கிலோ வித்தியாசம் தோளுக்குத் தெரியும், எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். பல்சக்கரமும் நாக்கும் அடங்கிய ரிப்பேர் கிட் அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். கிட் இல்லாத ராட்செட் பல் போனதும் பழைய இரும்புதான்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமானாக நல்ல முக்கால் இஞ்ச் ராட்செட் கிடைப்பதுண்டு. முதலில் டிரைவ் சதுரத்தை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நான்கு ஓரமும் நேர்கோடாக இருக்க வேண்டும். திருகு போல லேசாகச் சாய்ந்திருந்தால் அளவுக்கு மேல் டார்க் வாங்கிய சாமான், விரிசல் உள்ளே தொடங்கியிருக்கும். கைப்பிடி நுனியில் பைப் செருகிய உரசல் தழும்பு வட்டமாகத் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சதுரத்தில் இருக்கும் பந்து அமுங்கி எழும்பவில்லை என்பது மட்டும் குறையென்றால் வாங்கலாம். பெரும்பாலும் அழுக்குத்தான் காரணம், மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் சரியாகிவிடும்.