கொழும்பு இறைச்சிக்கடை அண்டர்கட்: கேட்ட துண்டுதான் கிடைக்கிறதா?

கொழும்பில் 'அண்டர்கட்' என்று கேட்டால் எந்தக் கடையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். சலூனில், பக்கமும் பிடரியும் மெஷினால் ஒட்ட வெட்டி உச்சி முடியை நீளமாக விடுவார்கள். வெல்டிங் பட்டறையில் அது ஒரு பழுது. கரண்ட் கூடிப்போனால் ஒட்டின் ஓரத்தில் இரும்பு உருகி, நிரம்பாத காடி விழும். இறைச்சிக்கடையில் அது மாட்டின் ஆக மிருதுவான துண்டு. விலையும் மற்றத் துண்டுகளைவிட அதிகம் என்பதால், பெயரை நம்பி வாங்காமல் துண்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

இது இடுப்புப் பக்கத்தில், முதுகெலும்புக்கு அடியில் உட்புறமாக ஒட்டியிருக்கும் தசை. அண்டர்கட் என்பது ஆங்கிலேயரின் பழைய பெயர். சூப்பர்மார்க்கெட் லேபலில் ஃபில்லட் என்றும், அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் டெண்டர்லொயின் என்றும் இருப்பது இதுதான். மாடு நடக்கவும் பாரம் தாங்கவும் இந்தத் தசைக்கு அதிகம் வேலையில்லை, அதனால்தான் இந்த மிருது. ஒரு மாட்டில் இரண்டே இரண்டு இருக்கும். ஆகவே ஒரு தட்டு நிறையச் சின்னக் கட்டிகளாக வெட்டி 'அண்டர்கட்' என்று வைத்திருந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

மருதானை, கொம்பனித்தெரு, வெள்ளவத்தை, எங்கே வாங்கினாலும் "நானா, முழுசாக் காட்டுங்க, பிறகு வெட்டுவம்" என்று சொல்லுங்கள். உண்மையான துண்டு ஒரு முனையில் தடித்து, மறுமுனையில் வால்போல ஒடுங்கும். பக்கவாட்டில் கொழுப்பும் சவ்வுமாக ஒரு மெல்லிய நாடா ஓடும். இதற்குப் பதிலாகக் கைமாறுவது பெரும்பாலும் பின்தொடையின் உருளைத் துண்டு. அது இரு முனையிலும் ஏறக்குறைய ஒரே தடிப்பாக இருக்கும், நிறம் வெளிறியிருக்கும், நார் கரடாகத் தெரியும். விரலால் அழுத்தினால் அண்டர்கட் எளிதில் அமுங்கும், தொடைத்துண்டு எதிர்த்து நிற்கும். எருமை இறைச்சி என்றால் நிறம் கருஞ்சிவப்பு, கொழுப்பு நல்ல வெள்ளை. மாட்டுக் கொழுப்பில் பொதுவாக மஞ்சள் சாயல் இருக்கும்.

நாடாவும் சவ்வும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். ஒரு கிலோ வாங்கினால், துப்புரவாக்கிய பின் 700 முதல் 800 கிராம் வரை மிஞ்சும் என்று கணக்கு வையுங்கள். நாடாவை எறிய வேண்டாம், சூப்புக்கு நல்லது. வெள்ளிபோல மின்னும் சவ்வைக் கட்டாயம் எடுக்க வேண்டும். வேகும்போது அது சுருங்கித் துண்டை வளைத்துவிடும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மென்று தின்ன முடியாது. ஒடுங்கிய கத்தியின் நுனியைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, வாயைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, சவ்வை இழுத்துப் பிடித்தபடி நீளவாக்கில் ஓட்டுங்கள். கத்தி கீழே சாய்ந்தால் காசு கொடுத்த இறைச்சி சவ்வோடு போய்விடும்.

வெட்டுவது எப்போதும் நாருக்குக் குறுக்கே. ஸ்டேக்குக்கு 2 சென்ரிமீற்றர், டெவலுக்கு (கறிமிளகாய், வெங்காயம் சேர்த்த உறைப்பான பிரட்டலுக்கு) விரல் தடிப்பு. ஈரத்தை ஒற்றி எடுத்து, தாச்சி நன்றாகச் சுட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கித் தண்ணீர் விடும், இறைச்சி வறுபடாமல் அவியும். கறிமிளகாயையும் வெங்காயத்தையும் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்ப்பது மேல். முழுத் துண்டாக வாட்டினால் நடுவில் 63 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்கி, குறைந்தது மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். பப்பாசிக்காய் பூச வேண்டாம். இயல்பிலேயே மிருதுவான இந்தத் தசை அதில் களியாகிவிடும்.

கறிக்கு அண்டர்கட் வாங்குவது வீண். கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு என்பதால் நீண்ட நேரம் கொதித்தால் வறண்டு உதிரும், குழம்பும் தடிக்காது. அதற்குக் கால்சதையோ தோள்பக்கமோ போதும், விலையும் குறைவு.

போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சி விற்பனை இல்லை. முதல் நாளே வாங்குவதானால் முழுத் துண்டாகவே பிரிட்ஜில் வையுங்கள். வெட்டி வைத்தால் மறுநாள் தட்டில் சாறுதான் தேங்கி நிற்கும்.