ஜெர்பரா போன இடத்தில் குடமிளகாயா, வெள்ளரியா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருந்த பலரைப் போல நானும் ஜெர்பராவைப் பறித்துப் பறித்துக் குப்பையில் கொட்டினேன். கல்யாணமே இல்லாதபோது பூ யாருக்கு? செடிகளுக்கும் மூன்று வயது நெருங்கியிருந்தது. பிடுங்கிவிட்டு, கால் ஏக்கர் குடிலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் கலர் குடமிளகாய், மறு பாதியில் விதையில்லா வெள்ளரி வைத்தேன். இப்போது முழுக்கக் குடமிளகாய்தான்.

தக்காளியை யோசிக்கவே இல்லை. ராயக்கோட்டை சந்தையில் வெளிக்காட்டுத் தக்காளி மலையாகக் குவியும்போது, பிளாஸ்டிக் கூரைக்குச் செலவழித்தவன் அதோடு எங்கே மோதுவது? 2023 ஜூலை மாதிரி கிலோ நூறு ரூபாயைத் தாண்டுவது எப்போதாவதுதான்.

வெள்ளரியில் பணம் சீக்கிரம் கைக்கு வரும். நட்டு 40 நாளில் முதல் பறிப்பு, மூன்று, மூன்றரை மாதத்தில் போகம் முடிந்துவிடும். இந்த ரகத்துக்கு மகரந்தச் சேர்க்கை வேண்டாம் என்பதால், வலை மூடிய குடிலுக்குள் தேனீ வரவில்லையே என்ற கவலையும் இல்லை.

குடமிளகாய் பொறுமைக்காரர்களுக்கு. பச்சையாகப் பறிக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், நிறம் ஏற இன்னும் மூன்று நான்கு வாரம். முதல் பூவைக் கிள்ளி, கிளைகளைக் கயிற்றில் ஏற்றி, வாரா வாரம் கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டும் வேலை, பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான இலைப்பேன் வரும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய உண்ணி. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் முதல் வருஷம் தப்பான மருந்தை அடித்து ஒரு பாத்தியையே இழந்தேன். ஆனால் செடி ஒன்பது, பத்து மாதம் நின்று காய்க்கும்.

இத்தனை வேலைக்குப் பிறகும் நான் குடமிளகாய் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், காய் செடியிலேயே காத்திருக்கும். பெங்களூரு மண்டியில் விலை விழுந்துவிட்டதா, பச்சையாகப் பறிக்காமல் விட்டால் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறி வேறு விலைக்குப் போகும். நிறம் ஏறிய பிறகும் சில நாள் தாங்கும். வெள்ளரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் பறிக்கத் தவறினால் தடித்துத் தொங்கும், அதை வாங்க ஆள் இல்லை. பெருத்த காய் கொடியின் சத்தை இழுப்பதால் அடுத்த காய்களும் குறையும். ஒரு தீபாவளிக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனபோது குடமிளகாய்ப் பாதி அப்படியே இருந்தது. வெள்ளரிப் பாதியில் பறித்ததெல்லாம் பக்கத்து வீட்டு மாடுகளுக்குத்தான் போனது. விலையை நாம் முடிவு செய்ய முடியாது, சரி. பறிக்கும் நாளையாவது நாம் முடிவு செய்யலாமே!

அதற்காக வெள்ளரியே ஆகாது என்று சொல்ல மாட்டேன். நான் எடுத்தது இரண்டே போகம். அதிலும் இரண்டாவது போகத்தில் வேர் முழுக்க, மண்ணில் இருக்கும் நுண்ணிய நூற்புழு உண்டாக்கிய முடிச்சு. பழைய மண்ணைச் சரியாகத் தயார் செய்யாத என் தப்பும் அதில் இருக்கலாம். தினமும் இவ்வளவு என்று பேசி எடுத்துக்கொள்ளும் ஓட்டலோ சூப்பர் மார்க்கெட்டோ கையில் இருந்து, பறிக்க வீட்டிலேயே ஆளும் இருந்தால், வெள்ளரிதான் முந்தும். எனக்கு அந்த இரண்டும் அமையவில்லை.