ஏற்காட்டுக் குளிரில் இரண்டு சீசன்: காபி உலர்த்தும் பெட்டிக்கு வாங்கிய பி.ஐ.டி. கன்ட்ரோலரும் பி.டி.100 சென்சாரும்

ஏற்காட்டில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் அராபிகா காபி இருக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும், வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் அதே நேரம் பார்த்துத்தான் வந்து உட்காரும். பல்ப்பரில் தோல் நீக்கி, கழுவி எடுத்த பார்ச்மென்டை (உள்தோலோடு இருக்கும் காபிக் கொட்டையை) களத்தில் பரப்பினால் இரண்டு நாள் வெயில், மூன்று நாள் தார்ப்பாய் என்றுதான் போகும். தார்ப்பாய்க்குள் கிடக்கிற காபியில் ஒரு புளித்த வாடை ஏறும், வறுத்தாலும் அது போகாது. அதனால் எட்டுத் தட்டு வைத்துத் தகரப் பெட்டி ஒன்று செய்தோம். கீழே 3 கிலோவாட் ஹீட்டர், பக்கத்தில் ஒரு புளோயர், ஒரு ஈடுக்கு 60 கிலோ ஈரப் பார்ச்மென்ட் கொள்ளும். அந்தப் பெட்டியின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிற கன்ட்ரோலர், சென்சார், எஸ்.எஸ்.ஆர். (கன்ட்ரோலர் சொல்கிறபடி ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்ச்) ஆகிய மூன்றையும் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை, 48 மில்லிமீட்டர் சதுர முகப்புடன் வரும் இந்த வகை கன்ட்ரோலர் யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர் அருமையான பொருள், கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. நான் பட்ட கஷ்டம் எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிற சென்சாரிலும் பின்னால் இருக்கிற எஸ்.எஸ்.ஆரிலும்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எண் தெரிகிற முகப்பைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், வெள்ளிப் பட்டறைக்காரர்கள், சாயப் பட்டறைக்காரர்கள் எல்லாம் வந்து போகிற இடம். கன்ட்ரோலர் 1,650 ரூபாய், மூன்று வயர் பி.டி.100 சென்சார் (பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதை வைத்துச் சூட்டைச் சொல்வது) 550. எஸ்.எஸ்.ஆரை மட்டும் அங்கே வாங்காமல், விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கினேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடித்தது: "எவ்வளவு சூடு வேணும், எவ்வளவு தப்பு தாங்கும்?" பார்ச்மென்டுக்கு 40 டிகிரி, அதற்கு மேலே நெடுநேரம் போகக்கூடாது, மேல்தோல் வெடித்துவிடும் என்றேன். அப்படியென்றால் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளில் எழும் சிறு மின்னழுத்தத்தை வைத்துச் சூடு சொல்லும் சென்சார்) வேண்டாம், பி.டி.100 எடுங்கள் என்றார். காரணமும் சொன்னார். கே வகை தெர்மோகப்பிள் டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் கொடுக்கும், வெள்ளி உருக்குகிற உலைக்கு அதுதான் சரி. 40 டிகிரிக்கு பிளாட்டினம் நன்றாகப் பேசும். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், நடுவில் ஏறக்குறைய நேர்கோடு. ஏ வகுப்புச் சென்சார் என்றால் 40 டிகிரியில் தப்பு 0.23-க்குள், பி வகுப்பு என்றால் 0.5-க்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. பிளாட்டினம் கம்பியை இழுவிசை இல்லாமல், சுத்தமாக வைத்தால் நம்பகமான வெப்பமானி ஆகும் என்று கேலண்டர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1887-இல் காட்டினார், இன்றைக்கு 550 ரூபாய்க்கு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிடலாம் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மகன் சென்சாரைச் சோதித்துவிடலாம் என்றான். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறான், ஆர்வம் அதிகம். ஃபிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சென்சாரை விட்டான், 0.2 காட்டியது. அப்புறம் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் விட்டான். 95.2-க்கு மேலே ஏறவே இல்லை. "சித்தப்பா, சென்சார் அஞ்சு டிகிரி கம்மியா காட்டுது, ஆஃப்செட் கொடுத்துடறேன்" என்று சொல்லி, அளந்த எண்ணோடு எப்போதும் 5 கூட்டிக் காட்டும்படி மெனுவுக்குள் போய் 5 என்று அடித்துவிட்டான். 100.2 என்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

மாட்டினோம். சென்சார் வயர் ஒன்றரை மீட்டர்தான், கன்ட்ரோலரை வீட்டுத் திண்ணையில் வைத்தால் இரவில் எழுந்து பார்க்க வசதி என்று 12 மீட்டருக்கு வயர் இழுத்தோம். கையில் இருந்தது இரண்டு கோர் வயர். மூன்று வயர் சென்சாரை இரண்டு கோரில் இழுத்து, கன்ட்ரோலரின் மூன்றாவது முனையைத் துண்டு வயரால் பக்கத்து முனையோடு சேர்த்து முறுக்கிவிட்டோம். எண் வந்தது, 40 என்று அழகாக நின்றது.

காபி மட்டும் காயவில்லை. ஐந்தாவது நாளும் பல்லில் கடித்தால் மெத்தென்று இருந்தது. அம்மா கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வெதுவெதுன்னுகூட இல்லையே" என்றார். உள்ளே போய்ப் பழைய கண்ணாடிக் காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்துவந்து நடுத்தட்டில் வைத்தார். 40 டிகிரி என்றால் அதில் 104 காட்ட வேண்டும். பாதரசம் 94 கோட்டையே தொடவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். கொதிக்கிற தண்ணீர்ச் சோதனையைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "நீங்க எங்கிருந்து பேசறீங்க சார்?" ஏற்காடு என்றேன். "அங்க தண்ணி தொண்ணூத்தஞ்சுலயே கொதிக்கும் சார், உங்க சென்சார் சரியாத்தான் சொல்லியிருக்கு." அவ்வளவுதான் விஷயம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். கீழே சேலத்திலேயே 99 ஒட்டித்தான் கொதிக்கும். மேலே பருப்பு வேக நேரமாகும் என்று காலம் காலமாகச் சொல்கிறோம், சென்சாரைப் பார்க்கும்போது அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பையனுக்கு முகம் வாடிவிட்டது. படிக்கிற வயதில் இந்தத் தப்பு நடந்தது நல்லதுதான் என்று அவனிடம் சொன்னேன், மனதார.

ஆஃப்செட்டை எடுத்த பிறகும் இரண்டு டிகிரி உதைத்தது. அது வயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மீட்டருக்கு 0.034 ஓம். போக 12, வர 12 என்று 24 மீட்டருக்கு 0.8 ஓம் சேர்கிறது. பி.டி.100-இல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான், ஆக வயர் மட்டுமே இரண்டு டிகிரி பொய் சொல்லும். மூன்றாவது வயர் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். ஒரே நிறத்தில் வரும் இரண்டு வயர்களுக்கு நடுவே உள்ள தடையைக் கன்ட்ரோலர் அளந்து, மொத்தத்தில் கழித்துக்கொள்ளும், நாங்கள்தான் அந்த வழியை முறுக்கி அடைத்துவிட்டோம். ஆஃப்செட் ஐந்து, வயர் இரண்டு, ஆக ஏழு. முகப்பில் 40 நின்றபோது பெட்டிக்குள் 33. மூன்று கோர் ஷீல்டு வயர் வாங்கி மாட்டியதும் ஐஸில் மறுபடி 0.2 வந்தது. 12 மீட்டர் தாண்டி வந்த 0.2 அது!

சென்சார் வைக்கிற இடத்துக்கும் இரண்டு வாரம் அலைந்தேன். ஹீட்டர் வாய்க்கு நேராக வைத்தால் அது சீக்கிரம் 40 தொட்டுவிடும், மேல்தட்டு குளிர்ந்தே கிடக்கும். தகரத்தில் சாய்ந்து நின்றால் தகரத்தின் சூட்டைச் சொல்லும், காற்றின் சூட்டைச் சொல்லாது. கடைசியில் அடித்தட்டுக்குக் கீழே, காற்று கலந்து வருகிற இடத்தில், பெட்டியின் நடுவில் தொங்குகிற மாதிரி வைத்தேன். 6 மில்லிமீட்டர் குழாயில் வந்த சென்சார் காற்றில் ரொம்ப மெதுவாகச் சூடேறுகிறது, இரண்டாவது சீசனுக்கு 3 மில்லிமீட்டர் குழாயுடையதாக மாற்றினேன், கன்ட்ரோலருக்கு உடனே உயிர் வந்த மாதிரி இருந்தது.

சரி, கன்ட்ரோலருக்கு வருவோம். இதற்கு முன் சாதா தெர்மோஸ்டாட் போட்டிருந்தபோது சூடு 36-க்கும் 47-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. இப்போது 40-ஐ ஒட்டி அரை டிகிரிக்குள் நிற்கிறது. எப்படி என்று கேட்டால், மலைப்பாதை பஸ் டிரைவரைப் பார்த்தால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார், எவ்வளவு வேகத்தில் அதை நெருங்குகிறோம் என்று பார்க்கிறார், வண்டி தொடர்ந்து ஒரு பக்கமே இழுத்தால் அதற்குத் தகுந்தபடி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் பி.ஐ.டி. என்கிறார்கள். கப்பல் சுக்கான் பிடிக்கிறவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று கவனித்து மினோர்ஸ்கி என்ற பொறியாளர் 1922-இல் கணக்காக எழுதியதும் இதைத்தான். அந்த மூன்றுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்பதற்கு சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1942-இல் ஒரு வழிமுறை கொடுத்தார்கள். ஹீட்டரை முழுசாகப் போட்டு, முழுசாக அணைத்து, சூடு எப்படி ஊசலாடுகிறது என்று பார்த்தே எடைகளைக் கண்டுபிடிக்கலாம் என்று 1984-இல் சுவீடனின் ஆஸ்ட்ரோமும் ஹேக்லுண்டும் காட்டினார்கள், இன்றைக்குப் பெட்டியில் 'ஆட்டோட்யூன்' என்று ஓடுவது பெரும்பாலும் அந்த யோசனைதான்.

ஆட்டோட்யூனைக் காலிப் பெட்டியில் ஓட்டாதீர்கள், நான் ஓட்டினேன். காலிப் பெட்டி சட்டென்று சூடேறும், 60 கிலோ ஈரக் காபி அப்படி ஏறாது. ஈடு ஏற்றிய பிறகு சூடு போய்ச் சேர முக்கால் நாள் தடவியது. அப்புறம் தட்டெல்லாம் நிரப்பி, கதவைச் சாத்தி, புளோயரை ஓடவிட்டு மறுபடி ஓட்டினேன். அது ஊசலாடும்போது குறியைத் தாண்டிப் போகும், அதனால் 40-இல் ஓட்டாமல் 37-இல் ஓட்டச் சொன்னார் கடைக்காரர். ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு தடவை 41 வரை போய் இறங்கியது, அவ்வளவுதான், காபிக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும் 40-க்கு மாற்றிவிட்டேன், அந்த எடைகளை இரண்டு சீசனாகத் தொடவே இல்லை.

இப்போது எஸ்.எஸ்.ஆருக்கு வருவோம். இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது. முதல் சீசன் கடைசி ஈடு, ஜனவரி, இரவு இரண்டு மணி. சுட்ட நெல் மாதிரி ஒரு வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால் முகப்பில் 68. அவுட்புட் விளக்கு அணைந்திருக்கிறது. கன்ட்ரோலர் நிறுத்தச் சொல்லிப் பல மணி நேரம் ஆகியிருக்கும், எஸ்.எஸ்.ஆர். உள்ளே ஷார்ட் ஆகி மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் இப்படித்தான் கெடும், அணைந்து கெடாது, எரிந்துகொண்டே கெடும். தோல் வெடித்து, பருப்பு வெளிறி, 60 கிலோவும் போனது. ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பெண்களும் இரண்டு ஆட்களும் குளிரில் நின்று பறித்த பழம் அது.

அந்த எஸ்.எஸ்.ஆரின் மேலே '40 ஏ', அதாவது 40 ஆம்பியர், என்று அச்சடித்திருந்தது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர்தான், மூன்று மடங்கு இருக்கிறதே என்று நம்பினேன். கடைக்காரர் அதையும் தன்னிடம் இருந்ததையும் இரண்டு கையிலும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார், என்னுடையது பாதிக் கனம்கூட இல்லை. உடைத்துப் பார்த்தோம், மெல்லிய அடித்தகட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டிரையாக் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சில்லு), அவ்வளவே. சரியான எஸ்.எஸ்.ஆரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் உள்ளேயே வீணாகும், 13 ஆம்பியரில் அது 15 வாட்டுக்குக் குறையாத சூடு. அந்தச் சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல், இடையில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவாமல் மாட்டினால் எதுவும் தாங்காது. விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்டேன், பத்து நாள் கெடு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது.

இப்போது கடையிலேயே வாங்கிய எஸ்.எஸ்.ஆர். 650 ரூபாய், ஹீட் சிங்க் 220. அதற்கு மேல், கன்ட்ரோலருக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஒரு கேப்பிலரி தெர்மோஸ்டாட்டை (மெல்லிய குழாய் முனையில் உள்ள பல்ப் சூடானால் தானாக மின்சாரத்தை வெட்டும் சாதனம்) 48-இல் வைத்து, ஹீட்டர் காண்டாக்டரின் (ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் பெரிய மின்காந்த சுவிட்சின்) காயிலோடு தொடராக மாட்டியிருக்கிறேன். எஸ்.எஸ்.ஆர். மறுபடி ஷார்ட் ஆனாலும் அது காண்டாக்டரை இறக்கிவிடும். மூன்று பொருளில் நான் மறந்த நாலாவது இதுதான், விலை 480. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அதன் பல்பை வெந்நீரில் விட்டு காண்டாக்டர் 'டக்' என்று விழுகிறதா என்று காதால் கேட்டுவிட்டுத்தான் ஈடு ஏற்றுகிறேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். எலி ஒருமுறை சென்சார் வயரைக் கடித்தது, முகப்பில் 'ஓபன்' என்று வந்து ஹீட்டர் தானாக நின்றது, நல்ல குணம். கரண்ட் போய் வந்தால் பழைய இடத்திலேயே தொடங்குகிறது. மெனு மட்டும் கொடுமை, மூன்று எழுத்துச் சுருக்கங்கள், கூட வரும் தாள் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், தமிழில் ஒரு வரி இல்லை. பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறான். அதில் முதல் வரி: 'இங்கே தண்ணீர் 95-இல் கொதிக்கும், ஆஃப்செட்டைத் தொடாதே.'

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மிளகுக்கு இதே மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார். மிளகு 50 வரை தாங்கும், அதனால் அவருக்குக் கேப்பிலரியை 58-இல் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். சனிக்கிழமை இருவரும் சேலம் இறங்குகிறோம்.