விடுதியா, நாளாந்தப் பயணமா, கூட்டு வாடகை வீடா: அடுப்படியை வைத்து ஒரு கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளியைப் பார்த்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் புரட்டிப் பாடநெறிகளை வரிசைப்படுத்தி அனுப்பிய பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட காத்திருப்புக் காலம் வருகிறது. அந்த மாதங்களில் வீட்டில் பேசப்படுவதெல்லாம் எந்தப் பீடம் கிடைக்கும் என்பதுதான். எங்கே தங்குவது என்ற யோசனை, பதிவுக் கடிதம் கையில் வந்து, புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போதுதான் தொடங்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; அதனால் மூன்று வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை, இப்போது உயர்தர இறுதி ஆண்டிலிருக்கும் தம்பி தங்கையருக்காக எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள முத்தையன்கட்டைச் சேர்ந்தவள். 2018 இல் உயர்தரம் எழுதி, 2020 தொடக்கத்தில் பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் சேர்ந்தேன். அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். நாங்கள் உள்ளே போனபோது இருந்த பெயர்ப்பலகை வேறு, வெளியே வந்தபோது இருந்த பெயர்ப்பலகை வேறு. முதலில் விடுதியில் இருந்தேன். கொரோனாவால் வீட்டுக்கு அனுப்பப்பட்டு மீண்டும் வகுப்புகள் தொடங்கியபோது, 2022 தொடக்கத்தில் ஏழு கிழமை வீட்டிலிருந்து போய்வந்து பார்த்தேன். அதன்பின் நான்கு பேராகச் சேர்ந்து வளாகத்துக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். என் மனம் இந்த மூன்றாவது வழியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. தொடர்ந்து வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கலாம்.

போய்வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர், மாங்குளத்திலிருந்து ஏ-9 வீதியில் வவுனியா ஏறக்குறைய 40, வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் பம்பைமடு இன்னும் சுமார் 10. விடிய நாலரைக்கு எழும்பி, மூன்று பஸ் மாறி, எட்டரை மணி விரிவுரைக்குள் நுழையும்போது கண் தானாக மூடும். பின்னேரச் செய்முறை வகுப்பு நாலரைக்கு முடிந்தால், மாங்குளத்தில் இருட்டிவிடும். அங்கிருந்து ஒட்டுசுட்டான் வரையான வீதியில் பொழுதுபட்டால் யானைப் பயம் இருப்பதால், அப்பா மோட்டார் சைக்கிளோடு சந்தியில் காத்திருப்பார். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் சீசன் ரிக்கற் தனியார் பஸ்ஸில் செல்லாது என்பதும், அவசர நாளில் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் பஸ்ஸாகவே இருக்கும் என்பதும் செலவைக் கூட்டின. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் அவ்வாண்டு ஜூலையில் 40 ரூபாவானது. நல்லகாலம், அதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன். வவுனியா நகரிலோ நெளுக்குளத்திலோ ஓமந்தையிலோ வீடு உள்ளவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, அவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச்சேர முடியாத எவரும் இந்த வழியை எண்ணவே வேண்டாம் என்பது என் கருத்து.

விடுதியின் நன்மைகள் வெளிப்படையானவை. கட்டணம் பெயரளவுக்குத்தான். நூலகம் காலடியில் இருக்கும். காவலாளி உண்டு, பெற்றோருக்கு நிம்மதி. பகிடிவதையைப் பற்றிய பயம் சில வீடுகளில் விடுதிக்கு எதிரான முதல் வாதமாக வருகிறது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும், வெளியே தங்குபவர்களும் அதிலிருந்து தானாகத் தப்பிவிடுவதில்லை என்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. என் அறையில் குருநாகலிலிருந்து வந்த ஒரு சிங்கள மாணவி இருந்தார். வெளியே ஒரு வகுப்பில் நான் ஓராண்டு படித்தும் வராத சிங்களம், விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று அவரோடு வழக்காடியதில் வந்துவிட்டது. வாடகை வீட்டில் நாங்கள் நால்வரும் தமிழர். அந்த வாய்ப்பு அங்கே இல்லை.

இருந்தும் நான் விடுதியை விட்டேன், இறுதி ஆண்டில் மீண்டும் இடம் கிடைத்தபோதும் போகவில்லை. ஒரே காரணம் அடுப்படி. விடுதியில் சமைக்க அனுமதியில்லை. மின்னடுப்போ ரைஸ் குக்கரோ கண்டால் எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்தான், ஒரே கட்டடத்தில் நூறு குக்கர் ஓடினால் வயர் தாங்காது. ஆனால் அந்த ஒரு விதி மாதச் செலவையும் உடம்பையும் எப்படி மாற்றுகிறது என்பதை, வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெற்றோர் எண்ணுவதில்லை. “விடுதி சும்மா கிடைக்குது, வாடகைக்கு ஏன் காசைக் கொட்டுறாய்” என்று அப்பா கேட்டபோது என்னிடமும் பதில் இருக்கவில்லை. பதிலைக் கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

நான் படித்த கடைசி ஆண்டில் கடைகளில் ஒரு மரக்கறிச் சோற்றுப் பார்சல் 250 ரூபா. மதியமும் இரவும் வாங்கினால், மாதத்தில் 25 நாளுக்கு 12,500 ரூபா ஆகிறது. காலையில் பணிசும் தேநீரும் இதற்குப் புறம்பு. மகாபொலப் புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா (2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500 ஆக உயர்த்தப்பட்டது), அதுவும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் செல்லும். வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் இரவிலும் சனி ஞாயிறிலும் அதை நம்பியிருக்க முடியவில்லை. ஆகவே நாங்கள் விடுதியில் செய்தது, இரவுச் சாப்பாட்டைப் பிஸ்கற்றும் பிளேன்ரீயுமாக்கி, அந்தப் பட்டினியை மிச்சம் என்று கணக்கெழுதியதுதான். இரண்டாம் பருவத்தில் எங்கள் அறையில் மூவருக்குக் குருதிச்சோகை என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

வாடகை வீட்டுக் கணக்கு இப்படி. வீட்டு வாடகை 16,000, ஆளுக்கு 4,000. மரக்கறி, தேங்காய், எண்ணெய், தூள், எரிவாயு, மின்சாரம், குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறுக்குள் நின்றது. அரிசி வீட்டிலிருந்து வந்தது. ஒரு மூடை நெல் 65 கிலோ என்று வைத்தால், ஆலையில் குற்றி வரும்போது ஏறக்குறைய 42 கிலோ அரிசி தேறும். ஒருவருக்கு நாளுக்குக் கால் கிலோ, நான்கு பேருக்கு ஒரு கிலோ. ஆக ஒரு மூடை நெல் எங்கள் நால்வருக்கும் ஆறு கிழமை. ஓராண்டில் நாங்கள் பம்பைமடுவில் இருந்தது முப்பது கிழமையளவு. ஐந்து மூடை போதும். எங்களில் இருவர் வீடுகளில்தான் வயல் இருந்தது. மூன்றாமவர் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, அவர் கருவாடு கொண்டுவருவார். நான்காமவரின் அம்மா தனியாகக் கோழி வளர்த்துப் படிப்பித்தவர், அங்கிருந்து முட்டை. எது வந்தாலும் அன்றைய வவுனியாச் சந்தை விலையைப் போட்டுக் கொப்பியில் எழுதி, மாத முடிவில் கூட்டிக் கழித்துச் சமன்செய்வோம். கொடுத்தவர், வாங்கியவர் என்ற பேச்சு எழாததற்கு அந்தக் கொப்பிதான் காரணம்.

நெல் சும்மா வரவில்லை, விற்றிருந்தால் அப்பாவின் கையில் காசாக இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால் அது சரியான வாதம். அரிசிக்குக் கடை விலை போட்டாலும் ஆளுக்கு மாதம் 1,500 ரூபாவளவுதான் கூடும். வாடகையும் சேர்த்து மொத்தம் 11,000. விடுதியில் இருந்து வெளியே இருவேளை சாப்பிடுவதைவிட இது சற்றுத்தான் குறைவு. வித்தியாசம் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தில் மூன்று வேளையும் சோறு, கீரை, முட்டை, மீன்; அந்தப் பக்கத்தில் பார்சல். அதோடு, கையில் காசு வற்றிய மாதத்திலும் சாக்கில் அரிசி இருக்கும்.

2022 இன் நடுப்பகுதியில் இதன் அருமை இன்னும் தெரிந்தது. எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. கடைகள் பாதி நாள் பூட்டிக் கிடந்தன. எங்கள் வீட்டின் பின்பத்தியில் பழைய விறகடுப்பு ஒன்று இருந்தது. வீடு பார்க்கப் போனபோது அதை ஒரு குறையாகத்தான் எண்ணினோம். வன்னியில் விறகுக்குப் பஞ்சமில்லை. அந்த மாதங்கள் முழுவதும் அதிலேயே சமைத்தோம், அயலில் தங்கியிருந்த இரண்டு அறைப் பிள்ளைகளும் தங்கள் பானையை எங்கள் நெருப்பில் வைத்துப் போனார்கள்.

அடுப்படிக்கும் ஒரு விலை உண்டு, அது நேரம். ஆளுக்குக் கிழமையில் இரண்டு முறை. ஒரு முறைக்கு ஒன்றரை மணித்தியாலம். பரீட்சைக் காலத்தில் பருப்பும் சோறும், அல்லது கஞ்சியும் சம்பலும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். எங்களுக்குள் வந்த சண்டைகளில் சமையலால் வந்தது குறைவு, கழுவாமல் விட்ட சட்டியால் வந்ததே அதிகம். ஆகவே வீட்டைத் தேடுவதற்கு முன் ஆட்களைத் தேடுங்கள்: நெருங்கிய தோழியைவிட, தன் கோப்பையைத் தானே கழுவுபவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. காத்திருக்கும் மாதங்களில் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகிற பிள்ளைகள், கிழமையில் ஒரு நாள் அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு ஒரு முழுச் சமையலைத் தனியே செய்து பார்க்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

வீடு பார்க்கும்போது கிணற்றைப் பாருங்கள், அதுவும் ஆவணியில் பாருங்கள். மார்கழி மழையில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கச்சான் காற்று அடிக்கும்போது அடியில் எத்தனை முழத் தண்ணீர் நிற்கிறது என்பதே கேள்வி. வவுனியாப் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டமும் அது என்பதால், நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் வடிகட்டிய தண்ணீரையே கானில் வாங்கினோம். மின்மானி தனியாக இருக்கிறதா, முற்பணம் எத்தனை மாதத்துக்கு, விடுமுறை மாதங்களுக்கும் முழு வாடகையா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் வீட்டுக்காரர் வாய்ப்பேச்சில் சொன்ன பாதி வாடகை, ஏப்ரல் விடுமுறை முடிந்து திரும்பியபோது முழு வாடகையாகியிருந்தது. இரண்டாவது வீட்டில் வீட்டுக்கார ஆச்சி அதே வளவில் இருந்தார். ஏழு மணிக்குப் பிறகு படலை பூட்டப்படும் என்றார். அது சில நாள் இடைஞ்சலாக இருந்தாலும், எங்கள் நால்வரின் பெற்றோரும் சம்மதித்தது அந்தப் படலையை நம்பித்தான்.

இந்தக் கணக்கு, வீட்டிலிருந்து கிழமைக்கொரு முறையாவது சாமான் வந்துசேரக்கூடிய தூரத்துக்குப் பொருந்தும். பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகிறவர்களுக்கு அரிசி மூடை ஏற்றி அனுப்புவது எந்தளவு கட்டுப்படியாகும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. ஆண்கள் கூடி எடுக்கும் வீடுகளில் அடுப்பு ஒரு மாதத்துக்கு மேல் எரிந்ததாக நான் கேள்விப்பட்டது குறைவு. அது என் அறிமுக வட்டத்தின் குறையாகவும் இருக்கலாம்.

என் தம்பிக்கு இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் விடுதியைத்தான் தெரிவுசெய்தான். வெங்காயம் உரிக்கவே தெரியாதவனுக்கு முதலாம் ஆண்டில் அது சரியான தெரிவு என்று எனக்கும் படுகிறது. பல இடங்களில் முதலாம் ஆண்டினருக்கும் இறுதி ஆண்டினருக்கும்தான் விடுதியில் முன்னுரிமை, ஆகவே அடுத்த ஆண்டு அவன் வெளியே வரவேண்டியிருக்கலாம். இந்தப் பெரும்போக அறுவடையில் அப்பா இரண்டு மூடை நெல்லை விற்காமல் அறையின் மூலையில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.