ஃபைனல் இயர் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு எங்க எதிர் சந்து ஜெராக்ஸ் கடை: 4 ஸ்டார்

அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ வர்ற காலேஜ்ல ஃபைனல் இயர் படிக்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. கடை எங்க காலேஜ் கேட்டுக்கு எதிர் சந்துல, டீக்கடைய ஒட்டி இருக்கு.

சப்மிஷன் டைம்ல போய்ப் பாருங்க, ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு பென்டிரைவ், மூஞ்சில ரத்தமே இருக்காது. ப்ராஜெக்ட் ஓடுதா இல்லையாங்கற பயமெல்லாம் அப்போ போயிடும், பேஜ் நம்பர் சரியா வருமாங்கறதுதான் பயம். கடைக்கார அண்ணா ஃபைல ஓபன் பண்ணதும் மொதல்ல மார்ஜினத்தான் பாப்பாரு. லெஃப்ட்ல 35லேர்ந்து 40 மில்லிமீட்டர் விடணும்னு யுனிவர்சிட்டி ஃபார்மேட்லயே இருக்கு, பைண்டிங்ல அதுல கொஞ்சம் உள்ள போயிடும், ஆனா பாதிப் பேரு வேர்டுல தானா வர்ற 1 இன்ச்ச அப்படியே வச்சிட்டு வந்து நிப்பாங்க. அப்ஸ்ட்ராக்ட், கன்டென்ட்ஸ் எல்லாம் ரோமன் நம்பர், சாப்டர் ஒண்ணுலேர்ந்து 1, 2ன்னு வரணும், அதுக்கு செக்ஷன் பிரேக் போட்டுக் குடுக்கறதுக்கு அவர் காசே வாங்கறதில்ல. எங்க கைடு கூட இத இவ்ளோ பொறுமையா சொல்லல.

எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி பிடிஎஃப் எடுக்காம வேர்டு ஃபைலோட வந்துட்டா, அந்த சிஸ்டம்ல ஓபன் பண்ணதும் டயகிராம் எல்லாம் அடுத்த பக்கத்துக்குத் தாவி, கன்டென்ட்ஸ்ல இருக்கற நம்பர் ஒண்ணுமே ஒட்டல, அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா, நான் பாக்கறேன்"னாரு, வர்றதுக்குள்ள முடிச்சிட்டாரு. போனஃபைட் பக்கத்த, அதாவது ப்ராஜெக்ட் நாமளே பண்ணதுங்கற சர்டிஃபிகேட்ட, மட்டும் தனியா பிரின்ட் எடுத்து ஹெச்ஓடி (டிபார்ட்மென்ட் ஹெட்) கிட்ட சைன் வாங்கிட்டு வா, அப்புறம் பைண்ட் பண்ணலாம்னு சொல்றதும் அவர்தான். கிராஃப், ஸ்கிரீன்ஷாட் இருக்கற பக்கத்துக்கு மட்டும் கலர் காசு. சில கடைங்க மாதிரி "ப்ராஜெக்டே ரெடியா இருக்கு, வேணுமா தம்பி"ன்னு கேக்க மாட்டாரு, எனக்குப் பிடிச்சதே அதுதான்.

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா, டோக்கன் கிடையாது, யார் சத்தமா கூப்பிடறாங்களோ அவங்க வேலை முதல்ல. அட்டைல அடிக்கற கோல்டு எழுத்த முன்னாடியே காட்டவும் மாட்டாங்க, என் ஃப்ரெண்டு ரிப்போர்ட்ல 'இன்டெலிஜென்ஸ்'ல ஒரு எழுத்தக் காணோம், ஃப்ரீயாதான் மாத்திக் குடுத்தாங்க, ஆனா அன்னிக்கு நைட்டு அவன் தூங்கல. டைட்டில பெரிய எழுத்துல பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க.

ஹார்டு பைண்டிங் மறுநாள்தான் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை இல்ல, திங்கக்கிழமை வைவா (ப்ராஜெக்ட் பத்தி நேர்ல கேள்வி கேக்கற எக்ஸாம்) இருக்கறவங்க வெள்ளிக்கிழமையே குடுத்துடுங்க.